வாப்பா குடித்தாரா என்று மாமாவிடம் கேட்ட மகளுக்கு

உக்குவளை,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் நப்லாவுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். மெல்பேர்னில் நீயும் மருமகனும் பிள்ளைகளும் சுகமாயிருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். என் சுகத்தை நீ லாபிர் மாமாவிடம் விசாரித்துவிட்டதால் அதை நான் எழுதத் தேவையில்லை. போனில் பேசினால் சத்தம் போடுவேன் என்று உன் உம்மா பிடுங்கிக்கொள்கிறார், அதனால்தான் கடிதம். உன் தம்பி றுஸ்தி இதைப் படமெடுத்து அனுப்புவான்.

ஈரலில் கட்டி என்று கண்டியில் ஸ்கேன் பார்த்துச் சொன்ன அன்றே ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஈரல் கெட்டவன் குடிகாரன் என்று இங்கே ஆட்கள் நினைப்பார்கள், நினைக்கட்டும். ஆனால் வாப்பா ஒளித்துக் குடித்தாரா என்று நீ உம்மாவின் தம்பியான அந்த மாமாவிடம் கேட்டிருக்கிறாய், அவரும் என் கடைப் பின்னறையில் சாராயப் போத்தல்களை வரிசையாகக் கண்டதாகச் சொல்லியிருக்கிறார்.

இரத்தத்தில் இரண்டு சோதனை செய்தார்கள். ஏ.எஃப்.பி. என்பது ஒன்று, குடியாலும் மற்றதாலும் தழும்பு விழுந்த ஈரலில் வருகிற கட்டிக்கு அநேகமாக அதுதான் கூடும், எனக்குக் கூடவில்லை. சி.ஏ. 19-9 என்ற மற்றது கூடியிருந்தது, பித்தக் குழாயில் தொடங்கும் கட்டிக்கு அது கூடுமாம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான், இங்கிலீஷை நானாகப் படித்தவன், சோதனைத் தாளை அகராதி வைத்து வரி வரியாகப் பார்த்தேன். ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முன்னால், இது குடிகாரக் கட்டி இல்லை என்று அந்தத் தாளை எல்லாருக்கும் காட்டினேன், உன் மாமாவின் மூக்குக்குக் கிட்டவே பிடித்தேன். "தாள் நல்லந்தான் மச்சான், போத்தல் எங்க?" என்றார். ஆட்கள் சிரித்தார்கள்.

அடுத்த கிளினிக்கில், நான் குடிக்காதவன் என்று எழுதித் தரும்படி உன் வயதுள்ள டாக்டர் பிள்ளையிடம் கேட்டேன். "மாமா, கட்டி எந்த வகையா இருக்கலாம்ண்டு இரத்தம் கைகாட்டும், அவ்வளவுதான். நீங்க குடிச்சீங்களா இல்லையாண்டு அது சொல்லாது. குடிக்காதவங்களுக்கும் ரெண்டு வகையும் வரும்" என்றார். நிச்சயமாகத் தெரிய ஊசியால் துண்டெடுத்துப் பார்க்க வேண்டுமாம், மருந்தும் அதைப் பொறுத்ததாம். தேதி எடுக்காமல் எழும்பி வந்துவிட்டேன். உம்மா அழுகிறார். றுஸ்தி கடைக்கு மிளகு வாங்க இரத்தோட்டைக்குக்கூடப் போகாமல் என்னைச் சுற்றி நிற்கிறான். நிற்கட்டும்.

அந்தப் போத்தல்களில் என்ன இருந்தது என்று உனக்குமா தெரியாது? கராம்பு எண்ணெய் ஊற்ற நான் வாங்கி வந்த வெறும் சாராயப் போத்தல்களைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவியது நீ, புனல் பிடித்தது நீ, மூடி இறுக்கியது நீ. கையில் கராம்பு மணக்கிறது என்று ஸ்கூலில் பிள்ளைகள் கேலி செய்ததாக அழுதுகொண்டு வந்தாயே. என் இரத்தம் சொல்லாத சாட்சியை உன் கை சொல்லியிருக்கும். அந்தக் கையாலா மாமாவுக்குப் போன் எடுத்தாய்?

வரும் புதன்கிழமை ஊசிக்கு எனக்கு இடம் வைத்திருப்பதாக டாக்டர் பிள்ளை சொல்லியனுப்பியிருக்கிறார். கையெழுத்துப் போட வேண்டியது நான், உம்மாவும் இல்லை, றுஸ்தியும் இல்லை. நீ அந்தக் கேள்வியை என்னிடமே கேட்காமல் நான் அந்தக் கட்டிலில் படுக்கமாட்டேன். யார் அழுதாலும் சரி.

பிள்ளைகளைக் குளிரில் விடாதே, தொழுகையை விடாதே. அல்லாஹ் உங்கள் எல்லாருக்கும் சுகத்தையும் நீண்ட ஆயுளையும் தரட்டும். செவ்வாய்க்கிழமை இருட்டும்வரை கடையில்தான் இருப்பேன், கடைப் போன் நம்பர் மாறவில்லை.

ஒரு சொட்டும் தொடாத உன் வாப்பா,
றஸீன்.