வால்வு திறக்கும் நேரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

பட்டறையில் ஒரு பந்தயக் காருக்குப் புதுக் கம்ப்யூட்டர் மாட்டினோம். இன்ஜின் மூச்சு விடும் வால்வுகள் எப்போது திறக்கவேண்டும் என்று அதுதான் சொல்லும். வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும் ஐட்லிங்கில் ஒரு நேரம், வேகம் ஏறினால் வேறு நேரம். ஃபோர்மேன் இன்னொரு காரின் அளவுகளை அப்படியே ஏற்றிவிட்டார்.

"அண்ணே, ஐட்லிங்லயே வால்வு சீக்கிரம் திறக்குது. வண்டி உதறும்" என்றேன்.

"எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்று எல்லார் முன்னாலும் என் பின்மண்டையில் தட்டினார்.

அதன்பிறகு ஒரு வாரம் நான் வாய் திறக்கவில்லை. வண்டி உதறியது. அவர் பிளக்கை மாற்றினார், பம்ப்பை மாற்றினார். நான் பார்த்து ரசித்தேன். நேற்று காரின் சொந்தக்காரரோடு முதலாளி வந்து நின்றார். ஃபோர்மேனுக்கு வேர்த்துக் கொட்டியது. அப்போதுதான் எழுந்தேன். வால்வை எவ்வளவு முன்கூட்டித் திறக்கவேண்டும் என்ற எண்ணை ஐட்லிங்கில் பூஜ்யமாக்கி, வேகத்துக்கேற்ப மெல்ல ஏற்றினேன். உதறல் நின்றது.

"எப்ப கண்டுபிடிச்ச?" என்றார் முதலாளி.

"போன வாரமே சொன்னேன் சார். அண்ணனையே கேளுங்க."

ஃபோர்மேன் தலை நிமிரவில்லை. எனக்குத் துளியும் பாவமாக இல்லை, அம்மா.

இதைச் சொல்லிச் சிரிக்க அறையில் ஆளில்லை. சட்டைப் பொத்தானும் கெட்டி நூலும் அனுப்பு. அடுத்த வண்டி வந்துவிட்டது. திட்டுவதாக இருந்தால் இரண்டு பக்கத்துக்குக் குறையாமல் திட்டி எழுது.

உன் மகன்