குறை ஏதும் இல்லை

பழவேற்காடு
9 ஜூன் 2024

அன்பு மகன் டேவிட்டுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் பாப்பாவும் சுகமாயிருக்கக் கர்த்தரிடம் கேட்டுக்கொள்கிறேன். போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, நீ பாதியில் வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ரிட்டயர் ஆன நர்ஸுக்கு, பார்வையாளர் என்று ஜெயிலில் போய்க் குறை கேட்கிற வேலை எதற்கு என்கிறாய். நீயே ஜெயில் அதிகாரி. வெளியாள் ஒருவர் உள்ளே போய்ப் பார்த்து நீதிபதிக்கு எழுதினால்தான் சில காரியம் நடக்கும் என்று உனக்குத் தெரியாதா?

செவ்வாயன்று கிளைச் சிறைக்குப் போனேன். குறை இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் பக்கத்தில் நிற்கிற வார்டர் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்லம்மா" என்கிறார்கள். கடைசியில் நின்றவன் லைட்ஹவுஸ் குப்பத்து இளவழகன். நமக்கு மீன் கொண்டுவரும் அர்ச்சனாவின் புருஷன். ஏரியில் வலை போடும் இடத்துக்காக நடந்த அடிதடியில் போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்களே, அவன்தான்.

"இன்னா ஜெஸ்ஸிமா, நீங்க இங்க?" என்று சிரித்தான். ஒரு காலை மட்டும் பின்னால் இழுத்துக்கொண்டான். அதில் சுற்றியிருந்த துணிக்கட்டை அவிழ்க்கச் சொன்னேன். சர்க்கரை நோயாளி. கால் கட்டைவிரலில் ஆறாத புண், சுற்றிலும் கறுக்க ஆரம்பித்திருக்கிறது.

"மாத்திரை கேட்டா நாளைக்கு, நாளைக்குன்றாங்கமா."

அடுத்த வாரம் அறிக்கை கொடுக்கவேண்டும். அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்பச் சொல்லி எழுதப்போகிறேன்.

பிரியமுள்ள
அம்மா

13 ஜூன் 2024

அன்பான அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கோபப்படாமல் படியுங்கள். அந்தக் கிளைச் சிறையை மேற்பார்க்கிற அதிகாரிதான் என் மாறுதலுக்கும் பரிந்துரை எழுத வேண்டியவர். நான் உங்கள் மகன் என்று அவருக்குத் தெரியும். அப்பா போன பிறகு நீங்கள் தனியாகக் கிடக்கிறீர்கள் என்றுதானே அந்தப் பக்கம் வரத் தவிக்கிறேன்?

புண்ணைப் பற்றி அங்கே வாயால் சொல்லுங்கள், கட்டாயம் பார்ப்பார்கள். எழுத்தில் மட்டும் இந்த ஒரு மாதம் வேண்டாம். பாப்பா, "ஆயா வூட்டுக்கு எப்போ போலாம்?" என்று நச்சரிக்கிறாள்.

டேவிட்

பழவேற்காடு
20 ஜூன் 2024

அன்பு மகனுக்கு,

நீ சொன்னபடியே செய்துவிட்டேன். "குறை ஏதும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இளவழகன் காலைப் பற்றி அங்கிருந்த அதிகாரியிடம் தனியாகச் சொன்னேன். "பாத்துக்கலாம்மா" என்றார். டீ வரவழைத்தார், குடிக்க முடியவில்லை.

நீ பக்கத்தில் வரவேண்டும் என்று எனக்கும் ஆசைதான். அதனால் உன்னை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

அம்மா

18 ஜூலை 2024

அன்பான அம்மாவுக்கு,

மாறுதல் ஆர்டர் வந்துவிட்டது! அடுத்த மாதம் வந்து சேருகிறோம். வரும் அன்று இறால் தொக்கு செய்து வையுங்கள். நான் சொன்னது சரிதானே?

டேவிட்

பழவேற்காடு
22 செப்டம்பர் 2024

அன்பு மகன் டேவிட்டுக்கு,

இளவழகனுக்குக் காலை எடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தேன். நீ பதில் போடவில்லை. குடும்பத்தோடு இந்தப் பக்கம் வந்து சேர்ந்துவிட்டாய் என்று சபையில் வின்சென்ட் சொல்லித்தான் தெரிந்தது. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம். நீ வரவில்லை. போனையும் எடுப்பதில்லை. அதனால் உன் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன்.

போன வாரம் அந்தக் கால் விஷயமாக நீதிபதி நடத்துகிற விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். புண்ணைப் பார்த்தேன், பார்த்தும் எழுதவில்லை என்று ஒப்புக்கொண்டேன். "எழுத வேண்டாமென்று யாராவது சொன்னார்களா?" என்று நீதிபதி கேட்டார்.

"யாரும் சொல்லலைங்க" என்றேன்.

அர்ச்சனா பின்னால் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும் வழி மறித்தாள். "நீங்க நர்ஸுதானேக்கா. எங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்ல? தெரிஞ்சும் இன்னாத்துக்கு வுட்டீங்க?" என்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர்கள் படகை மச்சான்காரன்தான் ஓட்டுகிறானாம். ஜாமீனில் வந்த இளவழகன் கடல் பக்கம் முகம் திருப்பாமல் படுத்திருக்கிறானாம்.

பார்வையாளர் வேலையிலிருந்து என்னை எடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மகனுக்காக ஒருத்தன் காலைப் பார்த்தும் எழுதாமல் விட்டவள் இனி யாரிடம் போய்க் குறை கேட்பது?

விசாரணை முடியவில்லை, திரும்பவும் கூப்பிடுவார்கள். அந்தக் கேள்வியை மறுபடி கேட்டால் உன் பேரைச் சொல்லுவேன் டேவிட். ஒளித்து வைத்து உன்னைக் காப்பாற்ற எனக்கு மனம் வரவில்லை. அதற்குள் நீயே போய்ச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வா. நாம் இரண்டு பேரும் அர்ச்சனா வீட்டுக்குப் போகலாம். குப்பத்துத் திருப்பம் வரை இரண்டு தடவை போய்விட்டேன். தனியாக உள்ளே போகத் தைரியம் இல்லை.

உன்
அம்மா