லீவுல வந்திருக்கான்

பூதலூர்,
ஞாயிற்றுக்கிழமை.

என்னங்க,

கடிதத்தில் உங்களை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. வாயில் வருவதையே எழுதிவிட்டேன். நலமா என்று கேட்கவும் மனமில்லை, அவ்வளவு கோபமாக இருக்கிறேன். போன வாரம் போனில், 'மறுபடியும் லீவு இல்லைன்னுட்டாங்க சுடர். இனிமே எவனையும் கேக்கப் போறதில்ல. மலையை விட்டு எறங்குனதும் ரயில் ஏறிடுவேன்' என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு லைனே கிடைக்கவில்லை. நான் ஏன் பதில் பேசவில்லை என்று நினைத்திருப்பீர்கள். அப்போது நான் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். என் யூனிபாரம் முழுக்க ஒருவனுடைய ரத்தம்.

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். பக்கவாதம் வந்ததிலிருந்து மாமாவுக்கு வலது கை இன்னும் தூக்க வரவில்லை. பேச்சு தெளிந்துவிட்டது. தெளிந்ததும் முதல் வேலையாக என் ரசத்தைத் திட்டினார், அதனால் பிழைத்துக்கொண்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். யார் பார்க்க வந்தாலும், 'எம் மவன் தமிழரசன் லீவுல வர்றான்' என்கிறார். லீவு என்ற வார்த்தையைக் கேட்டாலே இப்போது நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

பரணிதரன் என்று ஒருவன், என் போலீஸ் ஸ்டேஷன் எல்லையில், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரன். உங்களைப் போல சிப்பாய், ரெஜிமெண்ட் வேறு. அப்பாவுக்கு முடியவில்லை என்று லீவு கேட்டான், கிடைக்கவில்லை, யாரிடமும் சொல்லாமல் ரயில் ஏறிவிட்டான். அவன் வந்து சேர்ந்தபோது அப்பாவுக்கு உயிர் இருந்தது. மகன் ஊற்றிய பாலைக் குடித்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். இதை உங்களிடம் மறைக்க மாட்டேன். கருமாதி முடிந்த கையோடு அவன் திரும்பிப் போயிருந்தால் ஏதோ தண்டனை கொடுத்திருப்பார்கள், அதோடு போயிருக்கும். பயந்துவிட்டான்.

ஊர் என்ன செய்தது தெரியுமா? 'லீவுல வந்திருக்கான்' என்றது. நம் பக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே, வீட்டுக்கு வந்தவனை எப்போது கிளம்புகிறாய் என்று கேட்டால் விரட்டுவது போலாகிவிடுமாம்! அதிலும் பட்டாளத்துக்காரனை யார் கேட்பது? குறுவை அறுத்தார்கள், தாளடி நட்டார்கள், அதுவும் கதிர் முற்றிவிட்டது, இவன் லீவு மட்டும் முடியவில்லை. ஒருவர் வாய் திறக்கவில்லை.

ஓடிவந்தவனைப் பிடித்து ஒப்படைக்கச் சொல்லி மிலிட்டரியிலிருந்து தாக்கீது வந்தது. ஏட்டு அன்சாரை அனுப்பினேன். பையனின் அம்மா ராசம்மாள், 'லீவுல வந்திருக்கான் தம்பி, கூடக் கொஞ்ச நாளு கேட்டு எழுதிப் போட்ருக்கான்' என்று காபி போட்டுக் கொடுத்திருக்கிறார். இந்த மனிதர் காபியைக் குடித்துவிட்டு, பரணிக்கு ஒரு சல்யூட்டும் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்! 'நாட்டுக்காக நிக்கிற புள்ள மேடம், குற்றவாளி மாதிரி கையைப் புடிச்சு இழுக்க மனசு வரல' என்றார். நான் கத்திய கத்தலில் ஸ்டேஷனே அடங்கிவிட்டது. மறுபடி ஜீப்பை எடுத்துக்கொண்டு போனபோது பறவை பறந்துவிட்டது.

அதன்பிறகு இரண்டு ரவுடிகளோடு சேர்ந்துகொண்டு வழிப்பறியில் இறங்கிவிட்டான். பாபநாசம் வைக்கோல் வியாபாரி ஜாஃபர் சாதிக்கைக் கால்வாய்க் கரையில் மறித்திருக்கிறார்கள். அவர் வருஷா வருஷம் அந்த ஊரில் வைக்கோல் வாங்குகிறவர். முகத்தில் துண்டு கட்டியிருந்தும் இவனை அடையாளம் கண்டுகொண்டார். 'ராசம்மா மவன்தானே நீ? லீவுல வந்திருக்கியாப்பா?' என்று கேட்டிருக்கிறார். பாவி மனுஷன், பாசமாகத்தான் கேட்டார். அந்தக் கேள்விதான் அவர் உயிரைக் குடித்தது. கூட இருந்தவர்களில் ஒருவன் மறுநாள் பிடிபட்டபோது சொன்னான், 'பையை வாங்கிட்டு விட்டிருப்போம் மேடம், பேரைச் சொன்னதும் பரணி வெட்ட ஆரம்பிச்சுட்டான், நிறுத்தவே இல்ல' என்று. பிணத்தை மதகிலிருந்து தூக்கும்போது நான் ஒரு பக்கம் பிடித்தேன். தடுக்கப்போன கை தோலில் தொங்கிக்கொண்டிருந்தது. கழுத்தைப் பற்றி எழுத மாட்டேன்.

அடுத்த நாள் உச்சிவெயிலில் பிரகதாம்பாள் என்று ஒரு அம்மா ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். எடுத்ததுமே திட்டு. 'அறுப்பு மெஷினு வந்து நிக்குது, எந்தக் கட்டையில போறவனோ எம் மோட்டாரைப் போட்டுவுட்டு வயலைச் சேறாக்கிட்டான்! நீங்க வர்றீங்களா, இல்ல நானே அருவாளைத் தூக்கவா?' கதிர் சாய்ந்து நிற்கிற வயலில் விவசாயி வீட்டுப் பிள்ளை எவனாவது தண்ணீர் விடுவானா? விடுகிறான் என்றால், நெல்லைவிட அவசரமாக அவனுக்குக் கழுவ ஏதோ இருக்கிறது. அன்சாரையும் இன்னொரு கான்ஸ்டபிளையும் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

பம்புசெட்டுத் தொட்டியில் அவன் சட்டை ஊறிக்கொண்டிருந்தது. தண்ணீர் சிவப்பாக வயலுக்குள் போய்க்கொண்டிருந்தது. என்னைத் தள்ளிவிட்டு அன்சார் முன்னால் போனார். பம்புசெட்டு அறைக் கதவுக்கு வெளியே நின்று, 'தம்பி பரணி, லீவு முடிஞ்சிருச்சுப்பா, வா போவலாம்' என்றார். அந்த வார்த்தையை அவனிடம் முதல்முதலாகச் சொன்ன ஆள் அவர்தான். கதவு திறந்தது, அரிவாள்தான் முதலில் வந்தது. அன்சார் வலது கையைத் தூக்கினார். சல்யூட் வைத்தாரே, அதே கை. விரல்கள் வரப்பில் விழுந்தன. மறுபடி ஓங்கினான். நான் முழங்காலுக்குத்தான் குறிவைத்தேன், உங்கள்மேல் ஆணை. அவன் குனிந்து பாய்ந்தான், குண்டு வயிற்றில் இறங்கியது.

ஜீப்பில் அவன் தலையை என் மடியில்தான் வைத்திருந்தேன். காயத்தை அழுத்திப் பிடிக்கப் பிடிக்க விரலிடுக்கில் கொப்பளித்தது. மயங்கிவிடக்கூடாதே என்று பேச்சுக் கொடுத்தேன். நம்பர், ரேங்க், பெயர் என்று ஒப்பித்தான், பட்டாளத்துக்காரர்கள் நீங்கள் எல்லாரும் தூக்கத்தில்கூடச் சொல்வீர்களே, அப்படி. பிறகு, 'அக்கா, லீவு முடிஞ்சு போயிட்டேன்னு அம்மாட்ட சொல்லுங்க' என்றான். அவ்வளவுதான். வண்டி அப்போது திருக்காட்டுப்பள்ளி ரோட்டைக்கூடத் தாண்டவில்லை.

அந்த அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டு, 'மிலிட்டரி வண்டி வருமாம்மா? கொடி போத்துவாங்களா?' என்று கேட்டார்.  அந்த நேரம் பார்த்துத்தான் நீங்கள் போன் செய்தீர்கள்.

வண்டியும் வரவில்லை, கொடியும் வரவில்லை. பாடை தூக்க நாலு பேரைத் தேட வேண்டியிருந்தது. லீவு லீவு என்று சொன்ன ஊர் இப்போது ஓடுகாலி என்கிறது. அன்சார் கட்டுப்போட்ட கையோடு, 'அன்னிக்கே இழுத்துட்டு வந்திருந்தா ரெண்டு உசிரும் இருந்திருக்கும் மேடம்' என்று குழந்தை போல அழுகிறார். சுட்டதற்கு என்மேல் ஆர்.டி.ஓ. விசாரணை நடக்கிறது, பயப்படாதீர்கள். சாப்பாடுதான் இறங்கவில்லை, சோற்றைப் பிசைந்தால் கையெல்லாம் அந்தச் சூடு.

நான் அப்படிப்பட்டவனா என்று உங்களுக்குக் கோபம் வரும். அவனும் கருமாதி வரைக்கும் அப்படிப்பட்டவன் இல்லைங்க. நீங்கள் சொல்லாமல் வந்தால் மாமா கையைப் பிடித்துக்கொண்டு அழுவார், ஊர் காபி கொடுக்கும், எப்போது போகிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். தாக்கீது என் மேஜைக்குத்தான் வரும். அன்சாரை அனுப்ப மாட்டேன், நானே வருவேன், நம் வீட்டுக்கே. அந்த நிலைமையில் என்னை வைக்காதீர்கள். டாக்டர் சர்டிபிகேட்டோடு உங்கள் கமாண்டிங் ஆபீசருக்கு எழுதியிருக்கிறேன், முன்னாள் படைவீரர் நல ஆபீசிலும் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தேன். லீவு கொடுப்பார்கள். கொடுக்கும்வரை மாமாவை நான் சாக விடமாட்டேன், இது சத்தியம்.

பெரியகோயில் அம்மன் உங்களுக்குத் துணையாக இருக்கட்டும். உறையின் பின்னால் நம் வீட்டு விலாசம் எழுதவில்லை, வேண்டுமென்றேதான். இந்தக் கடிதத்தை அங்கே மலையிலேயே நீங்கள்தான் பிரிக்க வேண்டும். ஆள் இல்லை என்று எழுதி, இது என் கைக்குத் திரும்பி வந்துவிடக் கூடாதுங்க.

உங்கள்
சுடர்விழி