இருவருமே கேட்கும் பக்கம்

1984 பிப்ரவரி 6

ஒகையோவில் இன்னும் பனி. லோயிஸ் அக்கா அரிசோனாவிலிருந்து தொலைபேசியில் பேசினாள். தொண்டையில் அறுவை செய்தபின் எனக்குக் குரல் கிடையாது. ‘ஆமாம்’ என்றால் ரிசீவரில் ஒரு தட்டு, ‘இல்லை’ என்றால் இரண்டு. “வயித்துல புற்றாம், வெர்னா. கோடை வரைக்கும் தாங்கினா பெருசுன்னு டாக்டர் சொல்றார். பயமா இருக்குடி,” என்றாள்.

இதற்கு எத்தனை தட்டுவது?

பிப்ரவரி 18

எங்கள் இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரிக் கம்ப்யூட்டர். மோடம் என்ற பெட்டி வழியாக அதைத் தொலைபேசியோடு இணைத்தால் தட்டச்சிலேயே பேசலாமாம். கம்ப்யூட்டர் கம்பெனியின் மோடம் யானை விலை. வேறு கம்பெனியுடையதாக இரண்டு வாங்கினேன் — கம்பியின் முனையே பொருந்தவில்லை!

“வெர்னாக்கா, இது குதிரைக்கு மாட்டு லாடம்,” என்று சிரித்தான் பக்கத்து வீட்டு டுவைட். ஆனாலும் உட்கார்ந்து, அனுப்பும் கம்பியையும் வாங்கும் கம்பியையும் இடம் மாற்றிப் பற்றவைத்தான். இரண்டில் ஒன்று, மாற்றிய கம்பியோடு, அக்காவுக்குத் தபாலில் போயிற்று.

மார்ச் 4

ஓர் எழுத்துகூட வரவில்லை. இரண்டு பெட்டிகளும் ஒரே சுருதியில் கத்தின. என் அதிர்ஷ்டம் வேறெப்படி இருக்கும்?

மார்ச் 5

டுவைட் கண்டுபிடித்துவிட்டான். மோடத்தில் ஒரு விசை: ஒரு பக்கம் அழைப்பவருக்கு, மறுபக்கம் கேட்பவருக்கு. “ரெண்டு பேருமே கேக்குற பக்கம் வெச்சிருக்கீங்க. யாராவது ஒருத்தர் ஆரம்பிக்கணும்ல?”

என்னுடையது பழக்கதோஷம். பிறந்ததிலிருந்து அவள் பேச, நான் கேட்டவள். அவள் ஏன்? டுவைட் எனக்காகக் கேட்டுவிட்டு ரிசீவரை என்னிடம் தந்தான். “இப்பவாவது நீ பேசி நான் கேக்கலாம்னுதாண்டி,” என்றாள் தொலைபேசியில்.

அழுதேன். அழுவதற்கும் எனக்குச் சத்தம் இல்லை.

மார்ச் 11

பேசினோம்! எழுத்துகள் எறும்பு மாதிரி ஊர்ந்து வந்தன. “அக்கா, எனக்கும் பயமா இருக்கு,” என்று அனுப்பினேன்.

“அப்ப சரி. சேர்ந்தே பயப்படலாம்.” அவள் புருஷன் ஏர்ல் பின்னாலிருந்து கத்தியதையும் அப்படியே தட்டி அனுப்பினாள்: “பைத்தியங்களா, தபால் எதுக்கு இருக்கு?”

ஏப்ரல் 22

ஈஸ்டர். அக்கா இரண்டு வரியோடு நிறுத்திவிட்டாள். விரலில் வலுவில்லையாம்.

மே 9

மதியம் மணி அடித்தது. எடுத்தேன், யாரும் பேசவில்லை, மூச்சு மட்டும். விசையைக் கேட்கும் பக்கம் தள்ளினேன். திரையில் ஒவ்வோர் எழுத்தாக வந்தது.

“வெர்னா. ஏர்ல். லோயிஸ் காலைல போய்ட்டா. போன்ல சொன்னா உன்னால திருப்பிக் கேக்க முடியாதுன்னு, போன வாரம் எனக்குத் தட்டக் கத்துக் குடுத்தா. கேளும்மா.”

வலி இருந்ததா என்று கேட்டேன்.



“இருந்துச்சு. கையப் பிடிச்சிட்டிருந்தேன்.”

நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவரும் எழுத்தைத் தேடித் தேடித் தட்டிக்கொண்டே இருந்தார்.