நீ கூப்பிடாத பேர்

மச்சான்,

போன வாரம் என் மானம் போயிற்று. லாஸ்பேட்டையில் பாப்பா படிக்கிற கல்லூரியில் நாடகம். வேஷம் போடும் அறை மாடியில். முகப்பவுடரும் மீசை ஒட்டும் பசையும் கலந்த வாசனை படிக்கட்டு வழியாகக் கீழே வந்தது. அது மூக்கில் ஏறியதுதான் தெரியும். அப்புறம் பார்த்தால், படிக்கட்டின் குறுக்கே ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறேன். எதிரே ஒரு அம்மா. "வழி விடுங்க சார், நான்தான் பிரின்சிபால்" என்கிறார். மேலேயிருந்து பாப்பா கத்தினாள்: "அப்பா! மானத்த வாங்காத, போய் உக்காரு!" பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் கூடச் சிரித்துவிட்டு, வேர்த்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனேன்.

நான் நின்ற நிற்பு உன்னுடையது மச்சான். நீ செத்துப்போன பிறகு, மாடிப்படி இருக்கிற இடமெல்லாம் நீ கையை விரித்து நிற்கிறாய். கூட்டத்தில் யாராவது சத்தமாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் என் கண் படிக்கட்டைத் தேடுகிறது.

நம்ம பஞ்சு மில்லை மூடிய பிறகு நான் இங்கே உள்ளூர் மேட்டுப்பாளையத்தில் அட்டைப்பெட்டி கம்பெனிக்குப் போனேன். நீ ஷூட்டிங்குக்குப் போனாய். படம் எடுக்காத தெரு நம்ம ஊரில் ஏது? எவன் கேமராவைத் தூக்கினாலும் கூட்டத்தில் நீ நிற்பாய். சிவப்புத் தொப்பி போலீஸ், பாதிரியார், பிணத்துக்குப் பின்னால் நடப்பவன். ஒரு படத்தில் உன் முதுகு நன்றாகத் தெரிந்தது என்று தெருவுக்கே மிட்டாய் கொடுத்தோம்.

அங்கே பழக்கமானவன்தான் அவன். சென்னையிலிருந்து புதுமுகம் தேடி வந்திருப்பதாகச் சொன்னான். உன் கழுத்தில் 'கோ-ஆர்டினேட்டர்' என்று ஒரு அட்டையை மாட்டிவிட்டான். ஏன் உன்னைப் பிடித்தான் என்பது இப்போது புரிகிறது. மில்லில் போனஸோ, சங்கக் கூட்டமோ, பேர் கூப்பிடுவது நீ. மைக் வேண்டாத குரல். உன் வாயால் பேர் வந்தால் எழுந்து போய்த்தான் மில் குடும்பங்களுக்குப் பழக்கம். எதற்கு என்று கேட்டுப் பழக்கமில்லை.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். அவன் என்னைப் பார்த்து, "சார், உங்களுக்கே ஒரு அப்பா கேரக்டர் குடுக்கலாம் போலிருக்கே" என்றான். அதோடு என் எட்டாங்கிளாஸ் மூளை லீவு போட்டுவிட்டது. கண்ணாடி முன்னால் நின்று, பெண்ணைக் கட்டிக்கொடுத்த அப்பாவாக அழுது பார்த்தேன். என் சம்சாரம் எட்டிப் பார்த்து, "என்னா, பல்லு வலியா?" என்றாள்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜில் ஆடிஷன். பதிவுக் கட்டணம் கட்டிவிட்டுக் காத்திருந்தோம். பெற்றவர்கள் கீழே, பெண்கள் ஒவ்வொருவராக மேலே, போனைக் கீழேயே கொடுத்துவிட வேண்டும். "அப்பா அம்மா பக்கத்துல இருந்தா பிள்ளைங்களுக்குக் கூச்சம் வந்துடும்" என்றான் அவன். நாங்கள் தலையாட்டினோம். சினிமாக்காரர்கள் வழக்கம் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்தோம். நீயும் அப்படித்தான் நினைத்தாய்.

பெண்கள் பூசியிருந்த முகப்பவுடர் வாசனைக்கு நடுவே, படிக்கட்டு அடியில் நின்று நீ பேர் கூப்பிட்டாய். முதலில் கோபாலின் பெண். நம்மோடு நூல் சுற்றிய கோபால்தான். ஏறிய வேகத்தில் அந்தப் பெண் இறங்கி வந்தது, ஒரு கையில் செருப்போடு. 'கதவைத் தாழ்ப்பாள் போடு, வேற துணி மாத்து' என்றானாம். தாழ்ப்பாளைத் தொடாமல் ஓடி வந்திருக்கிறது. அதை உன் காதில் மட்டும் சொன்னது. எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை.

அடுத்தது பாப்பா. எழுந்து தாவணியைச் சரிசெய்துகொண்டாள். நீ வாயைத் திறந்தாய். மூடினாய். கையை விரித்துக்கொண்டு நின்றாய்.

"எல்லாரும் வீட்டுக்குப் போங்க. யாரும் மேல ஏறக் கூடாது."

நான் எகிறினேன். "என் பொண்ணு முறை வரும்போது மட்டும் முடிஞ்சு போச்சா? பொறாமையாடா உனக்கு?"

நீ என் பக்கம் திரும்பவே இல்லை. மேலேயிருந்து அவன், "நெக்ஸ்ட் யாரு?" என்றான்.

"நீதான்டா நெக்ஸ்ட்டு. எறங்கி வா கீழ" என்றாய்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் ஏறிப் போவதற்குள் அவன் பின்பக்கமாகத் தப்பிவிட்டான். நீ நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், உன் பேரையும் சேர்த்துத்தான் சொன்னாய்.

ஆனாலும் தெரு உன்னை விடவில்லை. "என்னா கோ-ஆர்டினேட்டரு, அடுத்த படம் எப்ப?" என்று டீக்கடையில் கேட்பார்கள். நீ சிரிப்பாய். அப்புறம் வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "நான் கூப்ட்டேன்டா. அது ஏறுச்சு" என்பாய். மழையைப் பற்றிப் பேசினாலும் அங்கேதான் வந்து நிற்பாய். ஷூட்டிங்குக்குப் போவதையும் விட்டுவிட்டாய்.

பாப்பா நடிப்பை விடவில்லை. போனில் யாராவது ஆடிஷன் என்று கூப்பிட்டால் நான் பெரிய தொந்தரவு இப்போது. அவர்கள் தந்த நம்பரை நம்பாமல், கம்பெனி ஆபீஸ் எங்கே என்று நாங்களே தேடி விசாரிக்கிறோம். வாய்ப்பு தருகிறேன் என்பவன் காசு கேட்டால் அங்கேயே கும்பிடு. லாட்ஜ் ரூம் கிடையாது. "பேரன்ட்ஸ் வர வேணாம் சார்" என்றால், "அப்ப பொண்ணும் வர வேணாம் சார்" என்பேன். ஒழுங்கான இடத்தில் எனக்கு நாற்காலி போட்டு டீயும் கொடுக்கிறார்கள். அப்பா கேரக்டர் மட்டும் இன்னும் எவனும் கொடுக்கவில்லை.

கதிர்காமம் ஆஸ்பத்திரியில்தான் உன்னைக் கடைசியாகப் பார்த்தேன். சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன். "பாப்பா என்னைத் திட்டுதாடா?" என்று கேட்டாய்.

"உன்னத் திட்டத்தான் ஊரே இருக்கே, அது வேற எதுக்கு?" என்றேன். உனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே இருமலும் வந்தது. நர்ஸ் வந்து என்னை வெளியே அனுப்பிவிட்டார்.

நான் சொல்ல நினைத்தது வேறு மச்சான். அன்றைக்கு உன் வாயால் பேர் வந்திருந்தால் அவள் ஏறியிருப்பாள். நானே தலையைக் கோதிவிட்டு ஏற்றி அனுப்பியிருப்பேன். நீ கூப்பிடவில்லை. என் பொண்ணு என்னோடு வீட்டுக்கு வந்தாள்.