உன் கடைசி வகுப்பில் நான் அறுத்த இதயம்

போன வாரம் ஒரகடம் மருத்துவமனையில் என் நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவி, திரையில் இதயத்தைக் காட்டினார்கள். சுவர் அமுங்குவதும் விலகுவதுமாக இருந்தது. "நல்லா சுருங்குது மேடம்" என்றாள் படம் எடுத்த பெண். எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. உனக்கு யாரும் அப்படிச் சொல்லவில்லையே என்ற ஆத்திரம்தான் வந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் நம் ஊரில் உனக்கு வாய்த்தது ஒரு எக்ஸ்ரேயும் டாக்டரின் காதும்தான்.

ஸ்ரீபெரும்புதூர் பெண்கள் பள்ளியில் இருவரும் ஆசிரியைகளாக ஒன்றாகச் சேர்ந்தோம். நீ உயிரியல், நான் கணக்கு. உனக்கு வல்லக்கோட்டைப் பக்கம் விவசாயக் குடும்பம். நான் கோயில் கைங்கரிய வீட்டுப் பெண், முட்டையைக்கூடத் தொட்டதில்லை. அதை வைத்தே என்னைச் சீண்டுவாய். ஒரு விஷக்காய்ச்சல் வந்து போன பிறகு உனக்கு மூச்சு வாங்கியது, கால் வீங்கியது. இதயத் தசையே தளர்ந்து விரிந்துவிட்டது என்றார் டாக்டர். தலைமையாசிரியை உன்னை விடுப்பில் போகச் சொன்னார். இதயப் பாடத்தை நடத்தாமல் போகமாட்டேன் என்று நீ அடம்பிடித்தாய்.

"அத்த பாதியில வுட்டுட்டு வூட்ல போய்ப் படுத்தா எனக்குத் தூக்கம் வராதுடி" என்றாய் என்னிடம்.

நடுவில் முடியாமல் போனால் அந்த நிமிடமே கிளம்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு தலைமையாசிரியை சம்மதித்தார். துணைக்கு என்னை உட்கார வைத்தார்.

வழக்கம்போல் கறிக்கடையிலிருந்து ஆட்டு இதயம் வந்திருந்தது. இலைப் பொட்டலத்தைப் பிரித்துக் கத்தியை எடுத்தாய். கை நடுங்கியது, உதடு கறுத்தது. வாசலில் தலைமையாசிரியை வந்து நின்றார். நான் எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டு, அந்த இதயத்தைக் கையில் எடுத்தேன்.

"ஐயோ, இன்னா டீச்சர், நீங்களா?" என்று முன்வரிசையில் ஒருத்தி கத்தியேவிட்டாள்.

நீ நாற்காலியில் சாய்ந்து என்னையே பார்த்தாய். "கெட்டியாப் புடி, கடிக்காது. கீழேருந்து மேல அறு."

நீ சொன்னபடியே அறுத்தேன். இடப்பக்கச் சுவர் தடிமன், உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ளுவது அதுதான் என்றாய். நார்கள் கிளைவிட்டு, முனையோடு முனை பிணைந்திருப்பதால் ஒன்றுக்கு வந்த தூண்டல் எல்லாவற்றுக்கும் பரவும், சேர்ந்தே சுருங்கும். நாருக்குள் மெல்லிய இழைகள் தடித்த இழைகளுக்கு நடுவே வழுக்கி நுழைவதை, இரு கை விரல்களையும் கோத்து நெருக்கிக் காட்டினாய். கால்சியம் வந்தால் பிடித்து இழுக்கும், விலகினால் விட்டுவிடும். இழுக்க மட்டுமல்ல, விடுவதற்கும் சக்தி வேண்டும். கொழுப்பையும் சர்க்கரையையும் ஆக்சிஜனோடு எரித்து அதைத் தருபவை, நாருக்குள் நெருக்கியடித்துக் கிடக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள். சேமிப்பு அதிகம் கிடையாது. ரத்தத்தில் இடைவிடாமல் வந்தால்தான் உண்டு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நீ மூச்சைத் தேடியதைப் பிள்ளைகளும் கவனித்தார்கள்.

"அதுக்கு லீவே கெடையாதா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இருக்கே. ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவுல. தனக்கு வேண்டிய ரத்தத்த அப்பதான் நல்லா எடுத்துக்கும். ரொம்ப வேகமா அடிச்சா அந்த நேரம் கொறஞ்சிடும்."

சொல்லிவிட்டு, வேகமாகத் துடித்த உன் மணிக்கட்டைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாய். மணி அடித்தது. தலைமையாசிரியை தன் அறைக்குத் திரும்பினார்.

குழாயடியில் என் கைக்கு நீயே தண்ணீர் ஊற்றினாய். "ஒங்க அம்மா இன்னா சொல்லுவாங்க?" என்று கவலைப்பட்டாய். அம்மா என்னைத் தலைக்குக் குளிக்க வைத்தாள். பிறகு சாதம் போட்டுக்கொண்டே, "அவ பாடத்தை முடிச்சாளோ?" என்று கேட்டாள். முடித்துவிட்டாள் என்றேன்.

கோடை விடுமுறை கழிந்து பள்ளி திறப்பதற்குள் நீ போய்விட்டாய். உன் நாற்காலியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அழுதேன். வெட்கப்படவில்லை.

அந்த ஆண்டு உன் இடத்துக்கு ஆள் வரவில்லை; உன் வகுப்பையும் என்னிடமே கொடுத்தார்கள். இதயப் பாடத்துக்குக் கரும்பலகையில் படம் போட்டால் போதும் என்றார் தலைமையாசிரியை. நானே கறிக்கடைக்குப் போய் வாங்கி வந்தேன்.

"உங்க வீட்டுல ஒண்ணும் சொல்லமாட்டாங்களா?" என்று கேட்டார்.

"இது அவ வகுப்பு, மேடம்" என்றேன்.

வேறு உயிரியல் ஆசிரியை வந்த பிறகும், நான் ஓய்வு பெறும்வரை ஆண்டுக்கு ஒரு நாள் அந்தக் கத்தி என் கையில் இருந்தது. ஒருமுறைகூட உன் பெயரைச் சொல்லாமல் நான் பாடத்தைத் தொடங்கியதில்லை.