எண்ணெய்த் தலையோடு ஓடிய கதை

மார்க்கையன்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் உமாதேவிக்கு அப்பா எழுதுவது. மாப்பிள்ளை கார்த்திக்ராஜையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

உன் அம்மா புதன்கிழமை புனேவுக்கு ரயில் ஏறுகிறாள். இந்தக் கடிதம் அவள் பையில்தான் வருகிறது. அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. என் மானம் போன கதையை அவள் சொன்னால் கைகால் வைத்துச் சொல்வாள்.

போன வாரம் குமுளி ஆயுர்வேத வைத்தியசாலையில், பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த வராந்தாவில், வெறும் கோவணத்தோடு, தலையில் எண்ணெய் வடிய உன் அப்பா நான் ஓடினேன்.

கொஞ்ச நாளாகப் படுத்தால் நெஞ்சு படபடக்கிறது. தூக்கமில்லை, சாப்பிட்டது செரிக்கவில்லை. பயப்படாதே, தேனியில் ஈசிஜி எடுத்தாச்சு. இதயத்துக்கு ஒன்றுமில்லை, வெறும் பதட்டம்தான் என்றாக. பிறகுதான் உன் அம்மா குமுளிக்கு இழுத்துப் போனாள். காலையில் கஷாயம், ராத்திரி பாலில் அமுக்கராப் பொடி, டீ கூடாது. கஷாயம் குடிக்கும்போது என் முகத்தைப் பார்த்து நம்ம மாடே ஒதுங்கிப் போகிறது.

அதோடு எண்ணெய்த் தாரை. மரக்கட்டிலில் படுக்கவைத்து, மேலே தொங்கும் சட்டியிலிருந்து நெற்றியில் வெதுவெதுப்பாக விழவிடுகிறாக. பல நாளுக்குப் பிறகு கண் சொக்கியது. அந்நேரம் பார்த்து வெளியே ஆணியில் மாட்டியிருந்த சட்டைக்குள் போன் அடித்தது. மாப்பிள்ளைதான் என்று நினைத்தேன். அப்புறம் வேட்டி ஞாபகமே இல்லை. எடுத்தால், லோன் வேணுமா சார் என்று யாரோ ஒரு பிள்ளை கேட்கிறது.

டாக்டரம்மா மலையாளத்துக்காரக. சேட்டா, அப்படி என்ன பயம் என்று கேட்டாக. காற்றில் வாழை சாய்ந்துவிடுமோ என்றுதான் என்று சொல்லிவைத்தேன். நாளையிலிருந்து போனை வீட்டில் வைத்துவிட்டு வரணும் என்றாக. டீயை விட்டுவிட்டேன், இதை விட முடியவில்லை. கோவணத்தில் சொருகிப் பார்த்தேன், நிற்கவில்லை.

ஏழாம் மாசம் உனக்கு வளையல் போட்டு இங்கன கூட்டிவந்திருக்க வேண்டும். படுக்கையை விட்டு எழக்கூடாது என்று உன் டாக்டர் சொல்லிவிட்டாக. வளையலை அம்மா அங்கனயே கொண்டுவருகிறாள், படுத்துக்கொண்டே போட்டுக்கொள். வாழைத்தார் வெட்டு முடிந்ததும் நானும் வருகிறேன்.

ஒரே ஒரு காரியம். போன தடவை பிள்ளை தங்காமல், உன்னை ஐசியூவில் வைத்திருக்காக என்று மாப்பிள்ளை போனில் சொன்னதிலிருந்து, மணி அடித்தாலே போட்டது போட்டபடி ஓடுகிறேன். இனி எப்போது கூப்பிட்டாலும், உமா நல்லா இருக்கு என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லச் சொல். மற்றது பிறகு பேசட்டும்.

வெள்ளிக்கிழமை வீரபாண்டி கௌமாரியம்மனிடம் போனோம். பேரப்பிள்ளையை நல்லபடியாகக் கொடு தாயே என்று உன் அம்மா நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி வேண்டினாள். நானும் பக்கத்தில் நின்று உதட்டை அசைத்தேன்.

நான் கேட்டது பேரப்பிள்ளையை இல்லை, ஆத்தா உமா. உன்னை.

உன் அப்பா
ராஜபாண்டி